குறூப்பில ஆர் உண்மையான கெட்டிக்காரர்? கண்டுபிடிக்கிற வழி

எங்கட ஊர் வட்ஸ்அப் குறூப்பில இருநூறு பேருக்கு மேல இருக்கினம். பாதிப் பேர் ஊரில, மிச்சம் கனடா, லண்டன், சுவிஸ், நோர்வே எண்டு சிதறிப் போனவை. விடிய அஞ்சு மணிக்கு சாமிப்படத்தோட தொடங்கும், ரொறன்ரோக்காரர் படுக்கப் போகேக்க எங்களுக்கு காலமை பத்து மணி, அதுக்குப் பிறகு லண்டன்காரர் எழும்பிடுவினம், போனுக்கு ஓய்வே இல்லை. போன வருசம் திருவிழா முடிஞ்ச கையோட ஒருத்தர் பகிடிக்கு "இந்தக் குறூப்பில ஆரப்பா பெரிய மண்டைக்காய்?" எண்டு கேட்டுப்போட்டார். மூண்டு நாள் சண்டை. ரெண்டு பேர் லெப்ட் பண்ணிப்போட்டினம், அதில ஒராளைத் திருப்பிச் சேர்க்க அட்மின் வாழைக்குலையோட வீட்டை போகவேண்டி வந்தது.

நான் அந்தச் சண்டையில வாய் திறக்கேல்ல. ஆனா கேள்வி மண்டைக்குள்ள நிண்டுட்டுது. கடைக்குப் போய் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கினன். ஒரு வருசமா அதில எழுதிக்கொண்டு வாறன், அந்த அனுபவத்தைத்தான் இஞ்ச சொல்லப்போறன். உங்கட குறூப் பழைய மாணவர் குறூப்பா இருக்கலாம், கோயில் குறூப்பா இருக்கலாம், வேலைத்தல குறூப்பா இருக்கலாம், முறை ஒண்டுதான்.

முதல் என்னத்தைத் தேடுறியள் எண்டு முடிவெடுங்கோ. எங்களிட்டையே இதுக்கு நாலஞ்சு சொல்லு கிடக்கு. மண்டைக்காய் எண்டா சோதினையில வெட்டி விழுத்திறவர். விண்ணன் எண்டா ஒரு வேலையில கை தேர்ந்தவர், மோட்டர் திருத்திறதில விண்ணன், காட்ஸ் விளையாடுறதில விண்ணன் எண்டு சொல்லுறம் தானே. சுழியன் எண்டா அலுவலை எப்பிடியும் முடிக்கிற ஆள், அவரோட காசு விசயத்தில கொஞ்சம் கவனம். படிச்சவர் எண்டா படிச்சவர், அதுக்கு மேல அந்தச் சொல்லில ஒண்டும் இல்லை. கெட்டிக்காரர் எண்டுற சொல்லு இவ்வளவையும் மூடுற தறப்பாள் மாதிரி, அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டை வச்சுக்கொண்டு அடிபடுகினம். நான் எனக்கு எண்டு ஒரு கணக்கு வச்சன்: ஒருத்தருக்கும் விடை தெரியாத அலுவல் ஒண்டு குறூப்புக்குள்ள வந்து விழேக்க ஆர் மற்றவையை விடக் குறையப் பிழை விடுகினம்? அதைத்தான் பாத்தனான்.

அடுத்தது, எதைப் பாக்கக்கூடாது எண்டது. இதில கனக்கச் சொல்லவேணும், ஏனெண்டா முக்கால்வாசிப் பேர் இஞ்சதான் வழுக்கி விழுகினம்.

மெசேச் எண்ணிக்கையைப் பாக்காதேங்கோ. 2006இல ஜேக்கப் நீல்சன் எண்டவர் இணையக் குழுக்களைப் பற்றி எழுதேக்க ஒரு பருமட்டான கணக்குச் சொன்னவர், நூறு பேரில தொண்ணூறு பேர் சும்மா வாசிச்சிட்டுப் போவினம், ஒம்பது பேர் இடைக்கிடை எழுதுவினம், மிச்சம் ஒராள்தான் குறூப்பையே நிரப்பிறவர் எண்டு. எங்கட குறூப்பில கூட விரல்விட்டு எண்ணக்கூடிய ஆறேழு பேற்ற அலட்டல்தான் முழுக்க. அந்த ஆறேழு பேருக்குள்ள மட்டும் கெட்டிக்காரரைத் தேடினா, சந்தையில கூவுறவனிட்டத்தான் நல்ல மீன் இருக்கு எண்டு நினைச்ச கணக்கு.

முதல் பதில் போடுறவரையும் நம்பாதேங்கோ. 2009இல அன்டர்சன், கில்டஃப் எண்ட ரெண்டு ஆராய்ச்சிக்காரர் நாலு நாலு பேரா இருத்திக் கணக்குகள் குடுத்துப் பாத்தவை. அடிச்சுக் கதைக்கிற ஆக்களைத்தான் மற்றவை கெட்டிக்காரர் எண்டு நினைச்சினம், ஆனா அவை கணக்கில அப்பிடி ஒண்டும் மேல நிக்கேல்ல. அதில என்னைத் திகைக்க வச்சது என்னெண்டா, நூற்றுக்கு 94 கணக்குகளில கடைசியா குழு எடுத்த விடை ஆரோ ஒருத்தர் முதல் முதல் சொன்ன விடைதான். இப்ப உங்கட குறூப்பை யோசிச்சுப் பாருங்கோ. "மோட்டர் ஓடுது, தண்ணி வரேல்ல, என்ன செய்ய?" எண்டு கேட்ட உடன ஒருத்தர் "கப்பாசிற்றர் போயிட்டுது" எண்டுவார், அதுக்குக் கீழ பதினஞ்சு பேர் "ஓம் ஓம் கப்பாசிற்றர்தான்" எண்டு பெருவிரல் போடுவினம். கப்பாசிற்றர் போனா மோட்டர் ஓடாம ஊம் எண்டு உறுமிக்கொண்டு நிக்கும் எண்டதை ஒருத்தரும் யோசிக்கேல்ல. கடைசியாப் பாத்தா கிணத்துக்குள்ள இறங்கிற குழாயின்ர அடியில இருக்கிற புட்வால்வுக்குள்ள ஒரு இலை.

பட்டம் பதவி விசயம். சண்டையே அதிலதான் தொடங்கினது, "அவர் அந்தக் காலத்திலயே மெடிசின் கிடைச்சவர்" எண்டு ஒரு பக்கம், "இவர் எஞ்சினியர்" எண்டு மற்றப் பக்கம். பத்தொம்பது வயசில எழுதின ஏ.எல். சோதினையை அறுவது வயசு வரைக்கும் தோளில காவுற சனம் நாங்கள், என்ன செய்யிறது. ஆனா அந்தச் சோதினையில இருந்து ஒரு நல்ல விசயத்தைக் களவெடுக்கலாம். 2001இல இருந்து இலங்கையில கம்பசுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, ஆக்களை எடுக்கிறது இசட் ஸ்கோரை வச்சுத்தானே. அது சும்மா மாக்ஸைக் கூட்டாது, அந்த வருசம் அதே பாடம் எழுதின ஆக்களின்ர சராசரியில இருந்து நீங்கள் எவ்வளவு மேல நிக்கிறியள் எண்டு பாக்கும். லேசான பேப்பரில 80 எடுத்தவரும் கஷ்டமான பேப்பரில 60 எடுத்தவரும் அதில சமனா வரலாம். அதையே குறூப்புக்கும் பிடியுங்கோ. "நாளைக்கு வெயில் எறிக்கும்" எண்டு சித்திரை மாதத்தில சொல்லிச் சரிவாறது பெரிய வேலை இல்லை. எல்லாரும் ஒரே கேள்விக்குச் சொன்னதை மட்டும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ.

எழுத்துப்பிழையையும் பாக்கவேண்டாம். எங்கட குறூப்பில ஒரு மாமி இருக்கிறா, எழுதவே மாட்டா, வொய்ஸ் மட்டும்தான், பின்னால சேவல் கூவும், குக்கர் விசில் அடிக்கும். கனடாவில பழத்தோட்ட வேலை எண்டு ஒரு போர்வேட் வந்து பாதிச் சனம் அதில மயங்கி நிக்கேக்க (நான் உட்பட, பாஸ்போட் போட்டோ வரைக்கும் அனுப்பிப்போட்டன்) மாமி எட்டு செக்கனில ஒரு வொய்ஸ் போட்டா: "கனடாவில வேலை தாறவன் என்னத்துக்குத் தம்பி இஞ்சத்தை றீலோட் காட் கேக்கிறான்?" அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் காசு அனுப்பேல்ல.

சரி, கொப்பி. இதுதான் முக்கியமான பகுதி, ஆறுதலா வாசியுங்கோ.

ஒரு பக்கத்தில நாலு கோடு கீறுங்கோ. திகதி, ஆர் சொன்னது, என்ன சொன்னவர், எவ்வளவு உறுதியாச் சொன்னவர். நடக்கிறதுக்கு முதல் சொன்னதை மட்டும் எழுதவேணும். நடந்த பிறகு "நான் அப்பவே சொன்னனான்" எண்டுறதுக்கு இடம் இல்லை. 2022 மாச் தொடங்கேக்க டொலர் 200 ரூபாவைச் சுத்தி நிண்டது, மே மாதம் 360ஐத் தொட்டிட்டுது, இண்டைக்குக் கேட்டா எங்கட குறூப்பில பாதிப் பேர் அதை முதலே தெரிஞ்சு வச்சிருந்தவையாம். மேல தேடுற பெட்டியில "டொலர்" எண்டு அடிச்சுப் பாத்தன். அந்த ஜனவரி, பெப்ரவரி முழுக்க ஆரோ கலியாணத்துக்கு டொலர் மாலை போட்ட வீடியோவும் அதுக்குக் கொட்டாவியும்தான் கிடக்கு. இது பொய் எண்டு சொல்லமாட்டன், மனிச மூளை அப்பிடித்தான். பரூக் பிஷோஃப் எண்டவர் 1970களிலயே இதை ஆராய்ஞ்சு காட்டினவர், முடிவு தெரிஞ்ச பிறகு எங்கட பழைய எண்ணத்தை நாங்களே திருத்தி ஞாபகம் வச்சிருப்பமாம். அதாலதான் கொப்பி வேணும் எண்டுறன்.

உறுதியை எண்ணாக்கிறது எப்பிடி? நான் வச்ச அளவு இது. "கட்டாயம் வரும்" எண்டா 95 வீதம். "அநேகமா வரும்" எண்டா 75. "வந்தாலும் வரும்" எண்டா 50. "பாத்துக்கொண்டிருங்கோ, ஏதோ நடக்கப்போகுது" எண்டா கொப்பியில ஏறாது, ஏனெண்டா என்ன, எப்ப எண்டு இல்லாத சாத்திரம் ஒருநாளும் பிழைக்காது.

பிறகு புள்ளி. 1950இல கிளென் பிரையர் எண்ட வானிலைக்காரர் ஒரு கணக்குக் கொண்டு வந்தவர், இப்பவும் அதுதான் பாவனையில இருக்கு. ஒருத்தர் "90 வீதம் மழை வரும்" எண்டு சொல்லி மழை வந்தா 1இல இருந்து 0.9ஐக் கழியுங்கோ, 0.1, அதை அதாலயே பெருக்க 0.01. மழை வராட்டி 0.9ஐ 0.9ஆல பெருக்க 0.81. இப்பிடி எல்லாத்தையும் கூட்டி, எத்தினை தரம் சொன்னாரோ அதால பிரிச்சா அவற்ற புள்ளி. குறையக் குறைய நல்லது. எல்லாத்துக்கும் "அம்பதுக்கு அம்பது" எண்டு மழுப்புற ஆளுக்கு எப்பவும் 0.25 வரும், அதை ஞாபகம் வச்சிருங்கோ, அதுக்கு மேல போனவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா நல்லம் எண்டு அர்த்தம். ஒராளுக்கு இருபது வரியாவது சேராம முடிவு சொல்லாதேங்கோ. ஒருமுறை ஒரு பலாப்பழத்தைப் படம் எடுத்துப் போட்டு எடை கேட்டனான், இன்பொக்ஸில தனித்தனியா அனுப்பச் சொல்லி (குறூப்பில போட்டா முதல் ஆளைப் பாத்து எல்லாரும் எழுதுவினம்). கிட்டவாச் சொன்னவரை அண்டைக்கு எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடினம், அடுத்த பழத்துக்கு அவர் சொன்னது பாதி கூட வரேல்ல. ஆனா எல்லாற்ற எண்ணையும் வரிசையா அடுக்கி நடுவில நிண்டதை எடுத்தா ரெண்டு தரமும் கிட்டத்தான் வந்தது. 1907இல பிரான்சிஸ் கோல்ற்றன் இங்கிலாந்தில ஒரு மாட்டுச் சந்தைப் போட்டியில 787 சீட்டை எடுத்து இதைத்தான் பாத்தவர், நடு எண் 1207 இறாத்தல், மாட்டின்ர இறைச்சி உண்மையில 1198.

பெரிய பெயர்காரரைப் பற்றி இதே மாதிரி ஒருத்தர் இருபது வருசம் கணக்கு வச்சவர், பிலிப் டெற்லொக் எண்டு, 284 நிபுணர், எம்பதினாயிரத்துக்கு மேல எதிர்வுகூறல். ரிவியில பேப்பரில அடிக்கடி வாற ஆக்கள்தான் கூடுதலாப் பிழைச்சினமாம். நான் சிரிச்சுப்போட்டு எங்கட குறூப்பில நேரலை போடுற அண்ணையின்ர பக்கத்தைப் பிரட்டிப் பாத்தன். சரியாத்தான் இருந்தது.

கொப்பியில புள்ளி மட்டும் வச்சாப் போதாது, கேள்வியையும் எழுதுங்கோ. ஆர் என்ன கேள்வி கேட்டது எண்டு. இது எனக்குப் பழைய மெசேச்சைத் தேடிப் பாக்கேக்க விளங்கினது. 2020 டிசம்பர் தொடக்கத்தில புரெவி புயல் வருகுது எண்டு குறூப் பத்தி எரிஞ்சது. யாழ்ப்பாணத்துக்கு மேலாலதான் போகும் எண்டு ஒராள், இல்லை முல்லைத்தீவு எண்டு மற்றாள், செய்மதிப் படம், அம்புக்குறி, ஆரோ 1964 புயல் கதை வேற. சைக்கிள் கடை வச்சிருக்கிற அண்ணை ஒராள், மாதத்துக்கு ரெண்டு மெசேச் போட்டாலே கூட, இடையில ஒரு வரி போட்டிருக்கிறார்: "காத்து எங்காலயும் போகட்டும், சந்தி மதகுக்குள்ள கிடக்கிற சொப்பின் பாக்கை ஆரும் எடுத்ததோ?" ஒரு பதிலும் இல்லை, நீல ரிக் மட்டும். 2ஆம் திகதி இரவு புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில கரை ஏறினது, எங்களுக்கு வந்தது தண்ணிதான். சந்தியில முழங்காலுக்கு மேல. மதகுக்குள்ள கை விட்டு இழுத்தது அதே சைக்கிள் கடை அண்ணைதான், ஒரு பாக்கு இல்லை, ஒரு சாக்கு நிறைய வந்தது. அவர் புயலைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்ல, அதால புள்ளிப் பக்கத்தில அண்டைக்கு அவருக்கு ஒரு வரியும் இல்லை, ஆனா அந்த ஒரு கேள்விக்கு நான் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறன்.

இன்னொரு அடையாளம், தன்ர பக்கத்துக்கு எதிரான உண்மையைத் தானே எடுத்து வைக்கிறது. 2021 மே மாதம் ரசாயன உரத்துக்குத் தடை வந்த நேரம் குறூப்பில ரிட்டயர் ஆன அதிகாரி ஒருத்தர் இயற்கை விவசாயத்தில உலகமே எங்களைத் திரும்பிப் பாக்கும் எண்டு நீட்டி முழக்கி எழுதினவர், வடிவான தமிழ், நாப்பது பேர் கும்பிட்டினம். வெங்காயம் செய்யிற ஒருத்தர், இங்கிலிஷ் எழுத்தில தமிழைக் கொத்தி எழுதிறவர், கேட்டார்: "ஐயா, ஒரு பரப்பு வெங்காயத்துக்கு எருவால மட்டும் நைதரசன் குடுக்கிறதெண்டா எத்தினை லோட் எரு வேணும், அவ்வளவு எருவுக்கு மாடு எங்க நிக்குது?" ஐயா மாட்டுக்குப் பதில் சொல்லேல்ல. நவம்பரில தடையைக் கைவிட்டினம். இதோட கதை முடிஞ்சிருந்தா அவர் தன்ர தொழிலுக்கு வாதாடின ஆள் எண்டு விட்டிருப்பன். ஆனா தடை போன கிழமையே அதே மனிசன் எழுதினார், யூரியாவைக் கண்டபடி கொட்டி எங்கட கிணத்தை நாங்கள்தான் பழுதாக்கினது, எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, போட்டது அப்பிடியே தண்ணிக்கு இறங்கும், உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று எண்டு சொல்லுது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுப்போட்டு பால்மா கரையுங்கோ எண்டு. தடை வேண்டாம் எண்டு கத்தினதும் அவர்தான், அளவாப் போடுங்கோ எண்டு சொன்னதும் அவர்தான். ரெண்டு பக்கத்தாலயும் ஏச்சு வாங்கினார்.

பிழைச்ச நேரம் ஆர் என்ன செய்யினம் எண்டதையும் குறிச்சு வையுங்கோ. டிலீட் பண்ணுறவை, "நான் பகிடிக்குச் சொன்னது" எண்டுறவை, ஒரு கிழமை காணாமப் போய் பிறகு பூப்படத்தோட வாறவை. "நான் இந்த இடத்தில பிழை விட்டிட்டன், இதாலதான்" எண்டு காரணத்தோட எழுதினவை எங்கட குறூப்பில ஒரு வருசத்தில மூண்டே மூண்டு பேர்.

அரசியல் கதையை மட்டும் கொப்பியில ஏத்தாதேங்கோ. அண்ணன் தம்பியே கட்சிக்காகக் கதைக்காம இருக்கிற ஊர் இது. கெட்டிக்காரர் எண்டா கட்சி விசயத்திலயும் நிதானமா இருப்பினம் எண்டு நினைக்கிறதும் பிழை, டான் கஹான் எண்டவர் 2013இல பாத்த ஆராய்ச்சியில அமெரிக்காவில துவக்குச் சட்டம் பற்றின எண்ணுகளைக் குடுத்தா கணக்கில நல்ல ஆக்கள்தான் தங்கட பக்கத்துக்குச் சாதகமா இன்னும் கூட வளைச்சினமாம். மூளை கூடினா வளைக்கிற பலமும் கூடும் போல.

புதிர் போட்டுச் சோதிக்கலாமோ எண்டு கேப்பியள். முந்தி ஏலும். கொப்பியும் பேனையும் சேர்த்து 110 ரூபா, கொப்பி பேனையை விட 100 ரூபா கூட, பேனை என்ன விலை? வாயில வாறது 10, விடை 5. இப்ப இதைக் குறூப்பில போட்டா ரெண்டு நிமிசத்தில சற்ஜிபிரி எழுதின மாதிரி விளக்கம் வந்து விழும், புல்லட் எல்லாம் போட்டு. கேக்கிறதெண்டா தேத்தண்ணிக் கடையில, போனைக் கவிட்டு வச்சுப்போட்டுக் கேளுங்கோ.

ஒரு வருசம் முடிய கொப்பி என்ன சொல்லுது எண்டா, மழை, வெள்ளம், விலைவாசி எல்லாம் சைக்கிள் கடை அண்ணைதான் 0.11, மண்ணும் தண்ணியும் எண்டா வெங்காயக்காரர், ஆள் ஆரைப் பேய்க்காட்டப் பாக்கிறான் எண்டா மாமி. மூண்டு பேரும் சண்டை நடந்த அந்த மூண்டு நாளும் ஒரு மெசேச்சும் போடேல்ல, பேர் கூட ஒருத்தர் வாயிலயும் வரேல்ல. இதைக் குறூப்பில சொல்லாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். நான் ஒருக்கா சைக்கிள் கடை அண்ணையைப் புகழ்ந்து போட, மனிசன் வெக்கத்தில ரெண்டு மாதம் மெசேச் போடேல்ல. இப்ப ஏதும் அலுவல் எண்டா ரியூப்புக்குக் காத்தடிக்கிற சாட்டில கடைக்குப் போய்க் கேக்கிறன்.

குறூப் முழுக்கக் கெட்டித்தனமா வரவேணும் எண்டு ஆசைப்படுறவைக்கு ஒண்டு: அனிற்றா வூலி எண்டவவும் கூட்டாளிமாரும் 2010இல 699 பேரைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சுப் பாத்தவை, குழுவுக்குள்ள ஒரு பெரிய மண்டைக்காய் இருக்கிறது பெரிசா உதவேல்ல, எல்லாரும் மாறி மாறிக் கதைச்ச குழு, மற்றவையின்ர முகத்தைப் பாத்து மனசை அறியத் தெரிஞ்ச குழு, பொம்பிளையள் கூட இருந்த குழு இதுகள்தான் நல்லாச் செய்ததாம். எங்கட அட்மினுக்கு இதை அனுப்பினன். அவர் பதிலுக்கு ஒரு சாமிப்படம் போட்டார்.

போன ஞாயிறு அம்மா மேசையைத் துடைக்கேக்க கொப்பியைக் கண்டு ஒவ்வொரு பக்கமாப் பிரட்டிப் பாத்தா. ஊரில உள்ள எல்லாற்ற பேரும் இருக்கு, உன்ர பேர் எங்கை எண்டு கேட்டா. பின்னேரம் இருந்து தேடி என்ர பழைய மெசேச் எல்லாத்தையும் எடுத்து வச்சுக் கணக்குப் பாத்தன், இருபத்தாறு வரி வந்தது. 0.31.